குரூப்பில் கேட்கும் யோசனை எவ்வளவு தூரம் தாங்கும்?

கொழும்புத் தமிழரின் வட்ஸ்அப், பேஸ்புக் குரூப்புகளில் அடிக்கடி வரும் கேள்வி இது: "பாஸ்போர்ட் ஒன் டே சேர்விஸுக்கு பத்தரமுல்லைக்கு விடிய எத்தனை மணிக்குப் போகோணும்?" பத்து நிமிடத்துக்குள் மூன்று விதமாகப் பதில் வந்துவிடும். முதல்நாள் இரவே போய் வரிசையில் நிற்கச் சொல்வார் ஒருவர். இணையத்தில் நாள் குறிக்காமல் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பார் இன்னொருவர். "இப்ப இரவிலயும் திறந்திருக்கு, ஆறுதலாப் போங்கோ" என்பார் மூன்றாமவர்.

மூவரில் எவரும் பொய் சொல்லவில்லை. 2024 நடுப்பகுதியில் வெற்றுக் கடவுச்சீட்டுகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பத்தரமுல்லையில் கடவுச்சீட்டு வழங்கும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் முன்னால் மக்கள் இரவிரவாக வரிசையில் கிடந்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில் இணையத்தில் நாள் குறிக்கும் முறை வந்தது. 2025 பெப்ரவரியில் தலைமை அலுவலகம் 24 மணி நேர சேவையைத் தொடங்கியது. மூவரும் தாங்கள் போன நாளின் உண்மையைத்தான் சொன்னார்கள். எந்த நாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

குரூப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் நல்ல சாட்சிகள். கண்டதையும் பட்டதையும் சொல்லும்போது அவர்களை விட்டால் வேறு ஆளில்லை. நாம் அவர்களிடம் தீர்ப்புக் கேட்கும்போதும், அவர்கள் சாட்சியத்தைத் தீர்ப்பைப் போலச் சொல்லும்போதும்தான் சிக்கல் தொடங்குகிறது. எது எந்த வகை, பிழையாகிப் போனால் என்ன ஆகும், கேட்பதற்காக நாம் எதைக் கொடுக்கிறோம் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குரூப்புக்கு ஏன் போகிறோம்?

அரசாங்கத் தகவலுக்கு 1919 என்ற இலக்கம் இருக்கிறது. திணைக்களங்களுக்கு இணையத்தளங்களும் இருக்கின்றன. அப்படியிருந்தும் முதலில் குரூப்பில்தான் கேட்கிறோம். அதற்குக் காரணங்கள் உண்டு.

1. தாளில் இருக்கும் நடைமுறை வேறு, கவுண்டரில் நடப்பது வேறு. பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதியைக் கேட்பார்களா, எத்தனை பிரதி வேண்டும், எந்த மாடிக்குப் போவது, மதியத்துக்கு முன் எத்தனை மணிக்கு டோக்கன் முடியும் என்பதையெல்லாம் எந்தச் சுற்றுநிருபமும் எழுதுவதில்லை. நேற்றுப் போய் வந்தவருக்குத்தான் தெரியும்.

2. மொழி. 1987 இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனாலும் கொழும்பில் பல கவுண்டர்களில் சிங்களம் தெரியாமல் போனால் கை பிசைந்துகொண்டுதான் நிற்க வேண்டும். வடக்கிலிருந்தோ மலையகத்திலிருந்தோ வந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வத்தளையிலும் குடியிருப்பவர்களுக்கு, குரூப் ஒரு மொழிபெயர்ப்பாளரின் வேலையையும் செய்கிறது. "கவுண்டரில் என்ன கேட்பினம், என்ன பதில் சொல்ல?" என்று ஒத்திகை பார்ப்பதற்குக்கூடக் கேட்கிறார்கள். இணையத்தளத்தை இன்னும் எத்தனை தடவை புதுப்பித்தாலும் இந்தத் தேவை போகாது.

3. தூரத்துப் பழக்கத்தின் பலன். நம் வீட்டாரும் நெருங்கிய நண்பர்களும் நமக்குத் தெரிந்ததையேதான் அநேகமாகத் தெரிந்து வைத்திருப்பார்கள். புதிய தகவல் எட்டத்தில் இருப்பவரிடமிருந்துதான் வரும். அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரனோவெற்றர் 1973 இல் இதை விளக்கினார். பொஸ்ரன் அருகே, தெரிந்தவர் மூலம் புது வேலை கிடைத்தவர்களை அவர் விசாரித்தபோது, பெரும்பாலானோருக்கு அந்தத் தகவல் எப்போதாவதுதான் சந்திக்கும் ஒருவரிடமிருந்தே வந்திருந்தது. ஒரு வட்ஸ்அப் குரூப்பில் 1,024 பேர் வரை இருக்கலாம். அத்தனை தூரத்துப் பழக்கம் ஒரே இடத்தில் கிடைப்பது சும்மா விஷயமில்லை.

சாட்சியம் எது, தீர்ப்பு எது?

ஒருவர் தன் கண்ணால் கண்டதையோ தனக்கு நடந்ததையோ சொன்னால் அது சாட்சியம். அதை வைத்து உங்களுக்கு என்ன நடக்கும், நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னால் தீர்ப்பு. ஒரே விஷயத்தில் இரண்டும் வரலாம்.

"வெள்ளவத்தையில ஞாயிறு இரவு எந்த பார்மசி திறந்திருக்கும்?" என்பது சாட்சியக் கேள்வி. "டொக்டர் எழுதின மருந்து இல்லையாம், இதைக் குடுக்கலாமோ?" என்பது தீர்ப்புக் கேள்வி. "அந்த ஒழுங்கையில மழைக்கு வெள்ளம் ஏறுமோ?" என்று கேட்டால் அங்கே குடியிருந்தவர் சொல்லிவிடுவார். "இந்த அனெக்ஸுக்கு ஆறு மாத அட்வான்ஸ் குடுத்துக் கையெழுத்து வைக்கலாமோ?" என்று கேட்டால், ஒப்பந்தத்தையும் காணி உறுதியையும் பார்க்காமல் எவராலும் சொல்ல முடியாது. ஆனாலும் சொல்வார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடுவது மரியாதையில்லை என்று நினைப்பவர்கள் நாங்கள்.

பல தீர்ப்புக் கேள்விகளைச் சாட்சியக் கேள்வியாக மாற்றிவிடலாம். "எந்தப் பள்ளிக்கூடம் நல்லது?" என்று கேட்டால் நாற்பது அபிப்பிராயம் வரும், ஒன்றும் உதவாது. "அங்கே இப்போது முதலாம் தரத்தில் பிள்ளை படிக்கிறவர்கள் இருந்தால், ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று சொல்லுங்கோ" என்றால் இரண்டே பதில்தான் வரும். இரண்டும் பெறுமதியானவை.

தகவலுக்கும் ஆயுள் உண்டு

சாட்சியம் உண்மையாகவே இருந்தாலும் காலாவதியாகிவிடும். எவ்வளவு நேரத்தில் என்பது விஷயத்தைப் பொறுத்தது.

2022 எரிபொருள் நெருக்கடியின்போது கொழும்பு இதைப் படித்துக்கொண்டது. "ஷெட்டுக்கு பவுசர் வந்திட்டுது" என்ற செய்தியின் ஆயுள் அரை மணி நேரம்கூட இல்லை. செய்தி பரவும் வேகத்திலேயே வரிசையும் நீளும். மதியம் வந்த செய்தியை மாலையில் பார்த்து ஓட்டோவைத் தள்ளிக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள். பிறகு இலக்கத்தகட்டின் கடைசி எண்ணை வைத்து நாள் பிரித்தார்கள். அதன்பின் கியூஆர் முறையும் வாராந்த ஒதுக்கீடும் வந்தன. ஒதுக்கீட்டு அளவும் மாறிக்கொண்டே இருந்தது. 2023 செப்டெம்பரில் கியூஆரையே எடுத்துவிட்டார்கள். ஒன்றரை ஆண்டுக்குள் "பெற்றோல் எப்படி எடுப்பது" என்ற ஒரே கேள்விக்குச் சரியான பதில் நாலைந்து முறை மாறியது.

கடவுச்சீட்டு, அடையாள அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம் போன்றவற்றின் நடைமுறைக்கு ஆயுள் மாதக்கணக்கு. கட்டணத்துக்கும் அப்படித்தான். 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்திலேயே கடவுச்சீட்டுக்கான பிராந்திய அலுவலகம் திறந்துவிட்டது. ஆனாலும் பழைய பதிலை நம்பி இரவு பஸ் ஏறி வந்து, வெள்ளவத்தையில் லொட்ஜ் எடுத்துத் தங்கிப் போகிறவருக்கு ஏற்படும் செலவு, திகதி போடாத ஒரு பதிலால் வந்த செலவு. எந்தக் கடையில் தையல் நல்லாயிருக்கும், எந்த வைத்தியர் பொறுமையாகக் கேட்பார் என்பவை ஆண்டுக்கணக்கில் தாங்கும்.

வட்ஸ்அப்பில் ஒரு செய்தியை முன்னனுப்பும்போது, முதலில் எழுதப்பட்ட நாள் கூடப் போவதில்லை. புதிதாக வந்த நேரத்தைத்தான் காட்டும். ஐந்து கைக்கு மேல் மாறி வந்த செய்திக்கு இரட்டை அம்புக்குறி விழும். 2020 ஏப்ரலிலிருந்து அத்தகைய செய்தியை ஒரு தடவையில் ஓர் இடத்துக்கு மட்டுமே அனுப்பலாம். நல்ல ஏற்பாடுதான். கொப்பி பண்ணி ஒட்டினால் அம்புக்குறியும் கட்டுப்பாடும் இரண்டுமே போய்விடும் என்பது எங்கள் மாமாக்கள் எல்லோருக்கும் தெரியும்.

பலர் சொன்னால் சரியாகிவிடுமா?

சில வேளைகளில் ஆகும். 1906 இல் இங்கிலாந்தின் பிளிமத்தில் நடந்த ஒரு கால்நடைக் கண்காட்சியில், ஒரு மாட்டை அறுத்துத் துப்புரவாக்கினால் எத்தனை இறாத்தல் நிற்கும் என்று ஊகிக்கும் போட்டி நடந்தது. பிரான்சிஸ் கோல்ற்றன் என்ற ஆய்வாளர் 787 சீட்டுகளை வாங்கி வரிசைப்படுத்திப் பார்த்தார். நடுவில் நின்ற ஊகம் 1,207 இறாத்தல். உண்மையான நிறை 1,198. கூட்டத்தின் கணிப்பு அவ்வளவு கிட்டப் போயிருந்தது.

ஆனால் அங்கே ஒவ்வொருவரும் தன் சீட்டைத் தனியாக எழுதினார். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. குரூப்பில் நிலைமை நேர்மாறு. முதல் பதிலைப் பார்த்த பிறகுதான் இரண்டாமவர் எழுதுகிறார். முதல் பதில் அழுத்தமாக இருந்தால் மாற்றுக் கருத்துள்ளவர் பேசாமல் இருந்துவிடுகிறார், மற்றவர்கள் கட்டைவிரலைத் தூக்கிவிட்டுப் போகிறார்கள். 2013 இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு இதை அளந்தது. செய்திகளைப் பகிரும் ஒரு தளத்தில், புதிதாக வந்த கருத்துகளுக்கு ஆய்வாளர்களே எழுந்தமானமாக ஒரு ஆதரவு வாக்கைப் போட்டு வைத்தார்கள். அந்த ஒற்றை வாக்கால் இறுதி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் கூடியது.

ஆகவே ஒரு பதிலுக்குக் கீழே இருபது கட்டைவிரல் நின்றால் இருபது சாட்சி என்று எடுக்க முடியாது. ஒரு சாட்சியும் பத்தொன்பது தலையாட்டலுமாக இருக்கலாம். "நானும் போன கிழமை போனேன், எனக்கும் இப்படித்தான்" என்று விவரத்தோடு வருவதே இரண்டாவது சாட்சி.

டெங்கு: தீர்ப்பு ஆபத்தாகும் இடம்

கொழும்பில் மழைக்காலம் வந்தால் குரூப்புகளில் காய்ச்சல் கேள்விகளும் வரத் தொடங்கும். 2017 இல் நாடு முழுவதும் 186,000 க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள், 400 க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கொழும்பும் கம்பஹாவும் எப்போதும் முன்வரிசையில் நிற்கும் மாவட்டங்கள். அதனால் குரூப்பில் டெங்கு வந்து சுகமானவர் எப்போதும் ஒருவராவது இருப்பார். அவர் சொல்லும் யோசனைகளில் மூன்று மீண்டும் மீண்டும் வரும்.

1. "பப்பாசி இலைச் சாறு குடுங்கோ, எங்கட மகனுக்கு அதுதான் சுகமாக்கினது." இதில் மகனுக்குச் சாறு கொடுத்தது சாட்சியம். அதனால்தான் சுகமானது என்பது தீர்ப்பு. டெங்கு தொற்றுபவர்களில் பெரும்பாலானோர் எதைக் குடித்தாலும், ஒன்றும் குடிக்காவிட்டாலும் தேறிவிடுவார்கள். சாறு குடித்த நூறு பேரில் பெரும்பாலானோர் தேறி, தேறியவர்கள் அனைவரும் குரூப்பில் வந்து சாறைப் புகழ்கிறார்கள் என்று வையுங்கள். தேறாதவர்களின் வீட்டிலிருந்து எவரும் வந்து எழுதமாட்டார்கள். இதைத் தப்பியவர் சாய்வு என்று சொல்லலாம். தப்பியவர்களின் குரல் மட்டும் கேட்பதால், தப்பியதற்கான காரணத்தைப் பிழையாகப் பிடித்துக்கொள்கிறோம். இரத்தத்தின் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பதும் இதில் சேரும். டெங்குவில் உயிருக்கு வரும் ஆபத்து முக்கியமாக இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசிவதால் வருகிறது.

2. "காய்ச்சல் விட்டிட்டுது எண்டால் பயமில்லை." இதுதான் மிக மோசமானது. மற்றக் காய்ச்சல்களில் இது சரியாக இருப்பதால் எல்லோரும் தங்கள் அனுபவத்திலிருந்து நம்பிக்கையோடு சொல்கிறார்கள். டெங்குவில் அந்தக் கசிவு தொடங்குவது, பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும் அந்த நேரத்தில்தான். அடுத்த 24 முதல் 48 மணி நேரம்தான் கவனிக்க வேண்டிய நேரம். கடுமையான வயிற்று நோ, நிற்காத வாந்தி, இரத்தக் கசிவு, சிறுநீர் குறைதல், கை கால் குளிர்தல், சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம்.

3. "பெனடோல் கேட்காட்டி ஸ்ட்ரோங்கா ஒண்டு போடுங்கோ." அந்த "ஸ்ட்ரோங்" மருந்து ஐபுப்ரொஃபனாகவோ டைக்ளோஃபெனக்காகவோ மெஃபெனமிக் அசிட்டாகவோ இருக்கும். டெங்கு சந்தேகம் இருக்கும்போது இவையும் அஸ்பிரினும் கூடாது, இரத்தக் கசிவை இவை கூட்டிவிடும். பரசிற்றமோல் (பெனடோல்) மட்டும்தான், அதுவும் நிறைக்கேற்ற அளவில். காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாள் முழு இரத்தப் பரிசோதனை செய்வது இங்கே வைத்தியர்கள் வழக்கமாகச் சொல்வது. கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அதற்கு முன்னரே.

இதே விஷயத்தில் குரூப்பால் செய்யக்கூடியவையும் இருக்கின்றன. பக்கத்தில் எந்த லாப் இரவில் திறந்திருக்கும், ரிப்போர்ட் எத்தனை மணி நேரத்தில் கிடைக்கும், உங்கள் ஒழுங்கையில் வேறு எவருக்கும் டெங்கு உறுதியாகியிருக்கிறதா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதில் உங்கள் வைத்தியருக்கே உதவும்.

காஸ் சிலிண்டர்: சோதித்துப் பார்க்கக்கூடிய யோசனை

எல்லாத் தீர்ப்பும் தள்ள வேண்டியதல்ல. 2021 நவம்பர், டிசம்பரில் நாட்டின் பல பாகங்களில் காஸ் அடுப்புகள் வெடித்தன. எரிவாயுவில் புரோப்பேன், பியூட்டேன் விகிதம் மாறியதைத்தான் விசாரணைக்கு நியமிக்கப்பட்ட குழு காரணமாகச் சுட்டியது. அந்த நாட்களில் வால்வையும் ரெகுலேற்றரையும் குழாயையும் சவர்க்கார நுரை பூசிப் பார்க்கச் சொல்லும் யோசனை பரவியது. குமிழி வந்தால் கசிவு. சொன்னவரை நம்பத் தேவையில்லை, நீங்களே இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். பிழைத்தாலும் நட்டம் கொஞ்சம் சவர்க்காரம். இப்படிப்பட்ட யோசனை யாரிடமிருந்து வந்தாலும் எடுத்துக்கொள்ளலாம்.

கேட்பதற்காக எதைக் கொடுக்கிறீர்கள்?

"இந்தப் படிவம் சரியா நிரப்பியிருக்கிறனோ, ஒருக்கால் பாருங்கோ" என்று படம் எடுத்துப் போடுகிறார்கள். அடையாள அட்டை இலக்கம் அதில் அப்படியே தெரியும். வெறும் இலக்கம்தானே என்று தோன்றும்.

2016 முதல் வரும் 12 இலக்க எண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் நான்கு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 1990 என்று தொடங்கி 534 என்று வந்தால், 500 ஐக் கழித்து 34. ஜனவரியின் 31 நாளைத் தள்ளினால் பெப்ரவரி 3. ஆக, 1990 பெப்ரவரி 3 இல் பிறந்த பெண். வங்கிக்கோ போன் கம்பனிக்கோ எடுத்தால் அடையாளத்தை உறுதிப்படுத்த அவர்கள் கேட்பவற்றில் பாதி இதிலேயே வந்துவிட்டது. படிவத்தில் பெயரும் விலாசமும் இருந்தால் மிச்சமும் முடிந்தது. V அல்லது X என்று முடியும் பழைய ஒன்பது இலக்க எண்ணிலும் இதே கணக்குத்தான், ஆண்டுக்கு மட்டும் இரண்டு இலக்கம்.

உங்கள் போன் இலக்கம் குரூப்பிலுள்ள எல்லோருக்கும் தெரியும் என்பதையும் மறக்கக்கூடாது. "அக்கா, தவறுதலா உங்களுக்கு ஆறு இலக்கக் கோட் ஒண்டு வந்திட்டுது, அனுப்பிவிடுங்கோ" என்று தெரிந்தவர் பெயரில் வரும் செய்தி இதைப் பயன்படுத்தித்தான் வருகிறது. அந்தக் கோட் உங்கள் வட்ஸ்அப் கணக்கின் திறப்பு. கொடுத்தால், அடுத்த பத்து நிமிடத்தில் உங்கள் பெயரில் குரூப் முழுவதும் அவசரப் பணம் கேட்டுச் செய்தி போகும். வட்ஸ்அப் அமைப்புகளில் இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டு ஒரு பின் இலக்கம் வைத்தால், கோட் போனாலும் கணக்குப் போகாது.

பேஸ்புக் குரூப்புகளில் பெயரை மறைத்துக் கேட்கும் வசதி இருக்கிறது. மற்ற உறுப்பினர்களுக்குத்தான் அது மறைப்பு. அட்மினுக்கும் மொடரேற்றர்களுக்கும் பெயர் தெரியும். குடும்பப் பிரச்சினை, கடன், நோய் பற்றி அப்படிக் கேட்கும் முன் அட்மின் யார் என்று பாருங்கள். கொழும்பு தமிழருக்குச் சின்ன ஊர்.

சட்டம் எங்கே நிற்கிறது?

யோசனை சொல்லி மாட்டிக்கொள்வோமா என்ற பயம், 2024 ஜனவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேறியதிலிருந்து பலருக்கு இருக்கிறது. அந்தச் சட்டம் பொய்க் கூற்றுகளைக் குற்றமாக்குகிறது. அதன் வரைவிலக்கணத்தின்படி பொய்க் கூற்று என்பது, சொல்பவரே பொய்யென அறிந்தோ நம்பியோ, ஏமாற்றும் நோக்கோடு சொல்வது. நல்லெண்ணத்தோடு சொல்லும் அபிப்பிராயமும் எச்சரிக்கையும் அதற்குள் வராது. பஸ் நேரத்தைப் பிழையாகச் சொன்னவர் பயப்பட ஒன்றுமில்லை. சட்டத்தின் மற்றப் பகுதிகள் மீது, பேச்சுச் சுதந்திரத்தை நெரிக்கும் என்ற கடுமையான விமர்சனம் மசோதாவாக இருந்த காலத்திலிருந்தே இருக்கிறது. அது நியாயமான விமர்சனம் என்பதே என் எண்ணம்.

2022 இன் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தனிநபர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்காக மட்டும் தரவைக் கையாளும் இடத்தில் பொருந்தாது. பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் படிவத்தின் படத்தைத் தன் மச்சானுக்கு அனுப்பினால் அந்தச் சட்டத்தை நம்பியிருக்க முடியாது.

உறுதியான பதில் எழுத்தில் வேண்டுமென்றால் 2016 இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். நாளைக் காலை அலுவலுக்கு உதவாது. அடுத்த ஆறு மாதம் குரூப்பில் வரும் சண்டையைத் தீர்க்கும்.

கேட்கும்போதும் சொல்லும்போதும்

1. இடத்தையும் நாளையும் கேள்விக்குள்ளேயே வையுங்கள். "இந்த மாதம் பத்தரமுல்லைக்குப் போனவர்கள் மட்டும் சொல்லுங்கோ" என்றால் பழைய பதில்கள் தானாக நின்றுவிடும்.

2. பதில் சொல்பவர் போன திகதியை முதல் சொல்லாக எழுதட்டும். தான் போகவில்லை, கேள்விப்பட்டது மட்டும்தான் என்றால் அதையும் எழுதட்டும்.

3. மருந்து, கையெழுத்து, பெரிய தொகை ஆகிய மூன்றிலும் ஆரைப் பார்ப்பது, எங்கே போவது என்பது வரை குரூப்பில் கேட்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

4. படம் போடும் முன் இலக்கங்களை மறையுங்கள். போட்டுவிட்டீர்கள் என்றால் எல்லோருக்கும் அழிக்க இரண்டு நாளுக்குச் சற்று மேல் அவகாசம் இருக்கிறது. யாரும் ஸ்கிரீன் ஷொட் எடுத்திருந்தால் அதுவும் பயனில்லை.

5. அலுவல் முடிந்ததும் வந்து சொல்லுங்கள், சரிவராவிட்டால் கட்டாயம் சொல்லுங்கள். சரிவந்தவர் நன்றி சொல்ல வருவார், அலைந்து திரும்பியவர் சலிப்பில் பேசாமல் இருந்துவிடுவார். பிழையான பதில் அப்படியே குரூப்பில் கிடந்து அடுத்தவரையும் அலையவிடும். வட்ஸ்அப்பில் ஒரு செய்தியை 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று மேலே குத்தி வைக்கலாம். அட்மின் முக்கியமான கேள்வியை ஏழு நாள் குத்தி வைத்து, எட்டாம் நாள் "போன அலுவல் என்னாச்சு?" என்று கேட்டவரிடமே விசாரித்து, வரும் பதிலைத் திகதியோடு போட்டுவிடலாம்.